முருங்கையிலைத் தூளும் நான் சொன்ன ஒரு சொல்லும்

ஓய்வு பெற்ற பிறகு, புதிதாக நியமனம் பெற்று வரும் குடும்பநல மருத்துவமாதுகளுடன் கொஞ்சம் பேசுங்கள் என்று என்னை வருடத்துக்கு ஒரு தடவையாவது கூப்பிடுகிறார்கள். வருகிறவர்கள் எல்லோரும் பிரசவக் கதைகளைத்தான் எதிர்பார்க்கிறார்கள். படகில் பிறந்த பிள்ளை, மழையில் தூக்கிச் சென்ற தாய், அப்படியான கதைகள். என்னிடமும் சில உண்டு. ஆனால் அவற்றில் நான் பெரும்பாலும் சரியாகத்தான் நடந்துகொண்டேன், அதனால் உங்களுக்கு அவற்றால் பயன் குறைவு. நான் பிழை விட்ட ஒரு கதையைச் சொல்கிறேன். அதில் இரத்தமும் இல்லை, அவசர ஊர்தியும் இல்லை. ஒரு கரண்டி இலைத்தூள்தான்.

என் ஊர் கனமூலை. வேலை கிடைத்தது கண்டக்குழியில். கிழமை நாட்களில் கிளினிக் விடுதியில் தங்கி, வெள்ளிக்கிழமை பின்னேரம் பஸ் பிடித்து மதுரங்குளிச் சந்தியில் இறங்கி வீட்டுக்குப் போவேன். இரண்டு ஊருக்கும் இடையில் இரண்டு பஸ் தூரம்தான். சாப்பாட்டில்தான் வித்தியாசம் பெரிது. கனமூலையில் வேலிக்கு வேலி முருங்கை. மழைக்காலத்தில் கிளை முறிந்து விழும் அளவுக்கு இலை. ஆட்டுக்குப் போட்டது போக மிஞ்சியது நிலத்தில் கிடந்து அழுகும். கண்டக்குழிக் கரையில் மணல். கடல் படிகிற, அலை அடங்கியிருக்கிற ஆறு மாதத்துக்கு வெளியூர் மீன்பிடிக் குடும்பங்கள் வந்து, கிடுகு வேய்ந்த வாடிக் குடிசை அடித்துத் தங்கும். மீனில் நல்லது லொறியில் ஏறிவிடும். பிள்ளைகளுக்குப் பாண், சம்பல், ப்ளேன்டீ, சோறும் கொஞ்சம் கருவாடும். மரக்கறி வான் நினைத்தால் வரும். மழை விழுந்தால் வராது.

அந்தப் பிள்ளைகள் பட்டினி கிடந்தவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். வயிறு நிறைந்துதான் இருந்தது. ஆனாலும் கிளினிக் புத்தகத்தில் நிறைக் கோடு ஏறாது. சிலரின் கண் வெள்ளையில் சோப்பு நுரை காய்ந்தது போலச் சாம்பல் நிறப் படிவு தெரியும். பொழுது பட்டு மஃரிபு நேரமானால் விளையாட்டை விட்டுவிட்டு உம்மாவின் சீலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகள் இருந்தார்கள். பயந்த பிள்ளை என்று உம்மாமார் சொல்வார்கள். அது பயமில்லை, மாலைக்கண். விற்றமின் ஏ குறைவு.

ஊரில் அழுகுகிற இலையைக் காயவைத்துத் தூளாக்கி இந்தக் கரைக்குக் கொண்டுவந்தால் என்ன என்ற யோசனை, ஒரு வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வரும்போது எனக்கு வந்தது. கனமூலையில் என் மச்சி, அதாவது என் மூத்த சகோதரனின் மனைவி, மாதர் சங்கத்தில் இருந்தாள். அவளும் இன்னும் ஏழெட்டுப் பெண்களும் ஓம் என்றார்கள்.

முதல் தடவை என்ன செய்தோம் என்றால், கருவாடு காயவைப்பது போல நல்ல வெயிலில் பாயை விரித்து இலையைக் காயப்போட்டோம். இரண்டு நாளில் மொறுமொறு என்று காய்ந்துவிட்டது. இடித்து அரித்துப் போத்தலில் போட்டு, பெருமையோடு எங்கள் வைத்திய அதிகாரியிடம் கொண்டுபோனேன். அவர் என்னைவிடப் பத்து வயது இளையவர். சிங்களப் பெண். தமிழைப் புத்தளத்துக்கு வந்த பிறகு நோயாளிகளின் வாயிலிருந்தே பழகியவர். அதனால் அவருடைய தமிழில் எங்கள் ஊர்ச் சொற்கள் எதிர்பாராத இடத்தில் வந்து விழும்.

அவர் ஒரு வெள்ளைத் தாளில் தூளைக் கொட்டினார். விரலால் தேய்த்தார். தேயிலைத் தூள் நிறத்தில் ஒரு கோடு விழுந்தது.

"இது இலை இல்லை மிஸ்," என்றார். "இலையோட மையத்து."

மையத்து என்றால் எங்கள் பேச்சில் பிணம். எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. எட்டுப் பெண்களின் வேலை அது. அவர் சிரிக்கவில்லை. கண்ணுக்குத் தேவையான சத்து வெளிச்சத்தில் செத்துப்போகும் என்றும், பச்சை நிறம் போன இடத்தில் அதுவும் போயிருக்கும் என்றும் சொன்னார். பிறகு, "வெயில் கிடைக்கிற ஊரில வெயிலத்தான் முதல்ல பாவிக்கத் தோணும். அதுல உங்கட பிழை இல்லை. ஆனா இதப் பிள்ளைக்குக் குடுத்தா பிழை," என்றார்.

அந்த வசனத்தை நான் அன்று சாதாரணமாகத்தான் எடுத்துக்கொண்டேன். செய்யும்போது விடுகிற பிழை வேறு, அதைத் தெரிந்துகொண்டும் பிள்ளையின் வாய் வரைக்கும் கொண்டுபோவது வேறு. இரண்டுக்கும் நடுவில் ஒரு மேசை இருக்கிறது. அந்த மேசையில் நிறுத்திப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். உங்களுக்கு அப்படி ஒருவர் கிடைத்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்த தடவை அறைக்குள் நிழலில் வெள்ளைத் துணி விரித்து, காற்றோட்டம் விட்டுக் காயவைத்தோம். பச்சை நிறம் நின்றது. செய்முறையை உங்களுக்கு அச்சடித்துத் தந்திருக்கிறார்கள், அதை விட்டுவிடுகிறேன்.

ஒரு தடவை மழை ஈரம் ஏறி ஒரு மூட்டைத் தூளில் கட்டி விழுந்திருந்தது. திறந்தபோது பூஞ்சண வாசம். மச்சி, "மேலால இரிக்கிறத எடுத்திட்டு மத்ததத் திரும்பக் காயவெக்கலாமே," என்றாள். இரண்டு கிழமை வேலை. நான் முழு மூட்டையையும் எரிக்கச் சொன்னேன். மூன்று கிழமை அவள் என்னோடு கதைக்கவில்லை. பெருநாளைக்குத்தான் சமாதானமானாள். அந்த விஷயத்தில் நான் கண்டிப்பாக இருந்தேன் என்பதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மூக்குக்கும் கண்ணுக்கும் தெரிகிற பிழையில் எனக்குத் தயவு கிடையாது. வாயால் விடுகிற பிழைதான் எனக்குத் தெரியாமல் போனது.

கண்டக்குழியில் தூளை யாரும் வாங்கவில்லை. இலவசம்தான், ஆனாலும் வாங்கவில்லை. "இலைத்தூளா? அது ஆட்டுக்குக் குடுக்கிறது," என்றாள் ஒருத்தி. கொண்டுபோனவர்களும் சட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மறந்துவிட்டார்கள். பாலர் பாடசாலைக் கட்டடத்தில் உம்மாமாரைக் கூட்டி வகுப்பு வைத்தேன். விற்றமின் என்றேன், சத்து என்றேன், படம் காட்டினேன். மரியாதைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாலைந்து பேர் கைப்பிள்ளையைச் சாட்டி எழும்பத் தொடங்கினார்கள்.

அப்போது நான் சொன்னேன்: "இத சாப்பாடு எண்டு நினைக்காதீங்க. இது கண்ணுக்கு மருந்து."

எழும்பியவர்கள் உட்கார்ந்தார்கள்.

அவ்வளவுதான். ஒரு சொல். அன்று கொண்டுபோன பொதிகள் முழுதும் முடிந்துவிட்டன. எனக்கு மிகவும் சந்தோஷம்.

பொதி வாங்கியவர்களில் ஒருத்தி பரீதா. இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். அவளுடைய குடும்பம் தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து வந்து புத்தளம் பக்கம் குடியேறியது. புருஷன் கடலுக்குப் போகிறவர். ஆறு மாதம் அந்த வீடு, ஆறு மாதம் கண்டக்குழி வாடி. ஒரே பிள்ளை, ஸஹ்ரா, மூன்றரை வயது. மற்றவர்கள் பொதியை வாங்கிக்கொண்டு போன பிறகும் பரீதா நின்று என்னிடம் கேட்டாள்:

"மிஸ், இது சாப்பாட்டுக்கு முந்தியா, பிந்தியா?"

நான் சிரித்தேன். "எப்பயும் குடுக்கலாம். ஒரு தேக்கரண்டி போதும்," என்றேன்.

இந்த இடத்தில் நான் நின்றிருக்க வேண்டும். கீரையைப் பற்றி யாரும் முந்தியா பிந்தியா என்று கேட்பதில்லை. மருந்துக் குளிசையைப் பற்றித்தான் கேட்பார்கள். நான் சொன்னது அவள் மனதில் என்னவாகப் போய் இருந்தது என்பதை அந்தக் கேள்வி அப்படியே எனக்குக் காட்டியது. எனக்குப் பொதிகள் முடிந்த சந்தோஷம். கவனிக்கவில்லை.

அதே நாளில் இன்னொன்றும் நடந்தது. ஸஹ்ராவின் கிளினிக் புத்தகத்தைப் பார்த்தேன். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கொடுக்கிற விற்றமின் ஏ பெரிய அளவுக்கான கட்டங்கள் வெறுமையாக இருந்தன. கேட்டேன்.

"அங்க குடுத்தாங்க மிஸ், அந்த ஊர்ல," என்றாள் பரீதா.

அந்த ஊரில் ஏதோ ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள், போலியோச் சொட்டு மருந்தாகவும் இருக்கலாம். அவள் பொய் சொல்லவில்லை. நான்தான் அந்தப் பிரிவு மருத்துவமாதுக்கு ஒரு போன் எடுத்துக் கேட்காமல், 'வேறிடத்தில் வழங்கப்பட்டது' என்று எழுதினேன். இரண்டு ஊருக்கு நடுவில் வாழ்கிற பிள்ளைகள் இரண்டு பதிவேட்டுக்கும் நடுவில் விழுந்துபோவார்கள். அங்கே இருப்பவர் இங்கே கொடுத்திருப்பார்கள் என்று நினைப்பார், இங்கே இருப்பவர் அங்கே என்று நினைப்பார்.

அதன் பிறகு மூன்று நான்கு மாதம் எல்லாம் நன்றாகப் போனது. உண்மையாகவே நன்றாகப் போனது. பல பிள்ளைகளின் நிறைக் கோடு ஏறியது. இரண்டு உம்மாமார், மஃரிபுக்குப் பிறகும் பிள்ளை ஓடித் திரிகிறது என்று சொன்னார்கள். செய்தி பரவி, பண உதவி செய்கிற அமைப்பொன்றின் ஆட்கள் கொழும்பிலிருந்து பார்க்க வருவதாக ஏற்பாடானது. அதற்கு ஒரு இணைப்பாளர் இருந்தார். எங்கள் மாவட்டத்துக்காரர்தான், நல்ல மனுசன். மற்றக் கரைகளுக்கும் தூள் கொண்டுபோக இந்த உதவி கிடைத்தே ஆக வேண்டும் என்று ஓடித் திரிந்தவர். வருகிறவர்களுக்கு ஒரு வாடியைக் காட்ட வேண்டும் என்றார். நான் பரீதாவின் வாடியைச் சொன்னேன். அவளுடைய வாடிதான் துப்புரவானது. தூள் போத்தலை மூடி, மேலே துணி கட்டி, கரண்டியைத் தனியாக வைத்திருப்பாள். மருந்தை வைப்பது போல.

கடைசி இரண்டு மாதமும் அவள் கிளினிக்குக்கு வரவில்லை. ஆளனுப்பிப் பொதியை மட்டும் எடுத்திருந்தாள். அதையும் நான் யோசிக்கவில்லை.

வருகிறவர்கள் ஒன்பதரைக்கு வருவதாக இருந்தது. நான் எட்டு மணிக்கே வாடிக்குப் போனேன். வெளியில் கூட்டிப் பெருக்கி மணலில் தண்ணீர் தெளித்திருந்தது. பரீதா புதுச் சீலை உடுத்திருந்தாள். பிள்ளையைக் காணவில்லை.

"ஸஹ்ரா எங்க?"

"உள்ளுக்கு மிஸ். வெளிச்சம் கூசுதாம். முகத்தக் காட்டுறாளில்ல."

கிடுகுச் சுவரின் மூலையில், உம்மாவின் பழைய சீலையைத் தலையில் மூடிக்கொண்டு பிள்ளை இருந்தாள். மெலிந்திருந்தாள். நான் தாடையைப் பிடித்து நிமிர்த்தியதும் வீரிட்டாள். ஒரு கணம்தான் பார்க்க முடிந்தது. கண்ணின் கறுப்புப் பகுதியில் மினுக்கம் இல்லை. கண்ணாடியில் மூச்சு விட்டால் எப்படி மங்கும், அப்படி.

"எத்தன நாளா?"

"வயித்தால போறது பத்து நாளைக்கு மேல. கண் இப்பிடி நாலு நாள். அதுக்கு முந்தி ஒரு மாசமா மஃரிபானா தட்டுத் தடுமாறினா."

"ஏன் எனக்குச் சொல்லல்ல?"

"அதுக்குத்தானே மிஸ் மருந்து குடுக்கிறேன். ரெண்டு கரண்டியாக்கினேன். பொறகு மூணாக்கினேன். வயித்தால போற புள்ளைக்கு எண்ண, தேங்காப்பால் ஆகாதே, கஞ்சித் தண்ணியில கரைச்சிக் குடுத்தேன்."

உங்களுக்கு உண்மையைச் சொல்வதாக இருந்தால் அடுத்த அரை மணித்தியாலத்தையும் சொல்ல வேண்டும். நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. கண்நோய் பரவுகிற காலம், அதுவாக இருக்கலாம் என்று எனக்கு நானே சொன்னேன். முகத்தைக் கழுவி விடச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். இணைப்பாளர் பதாகை கட்டிக்கொண்டிருந்தார். அதன் ஒரு முனையைப் பிடித்தேன். கயிறு கட்டினேன். கதிரைகளை வரிசையாகப் போட்டேன். கை வேலை செய்தது. தலை அந்தக் கண்ணைத் திரும்பப் பார்க்காமல் இருப்பதற்குக் காரணம் தேடியது. அது என்ன என்று எனக்குத் தெரியும்: விற்றமின் ஏ குறைவு முற்றிக் கண்மணி கெடத் தொடங்குவது. பயிற்சிக் காலத்தில் படத்தில் பார்த்தது. படத்தில் பார்த்ததை நேரில் பார்த்தால் மனம் உடனே ஒத்துக்கொள்ளாது. அதிலும் உங்களுடைய வேலையின் அத்தாட்சியாக நீங்களே தெரிவு செய்த வாடியில் பார்த்தால்.

பிறகு தண்ணீர் கேட்டு உள்ளே போனேன். பரீதா பிள்ளைக்கு முன்னால் ஒரு பிஸ்கட்டை வைத்திருந்தாள். கதவாகத் தொங்கிய படங்குத் துணியை விலக்கியிருந்ததால் உள்ளே நல்ல வெளிச்சம். ஸஹ்ரா பாயில் கையால் தடவிக்கொண்டிருந்தாள். பிஸ்கட் அவளுடைய கைக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. பரீதா அந்தக் கையைப் பிடித்து பிஸ்கட்டின் மேல் வைத்தாள். அவள் அதைப் பல தடவை செய்து பழகியிருந்தாள் என்பது தெரிந்தது.

வெளியே வந்து எங்கள் வைத்திய அதிகாரி டொக்டருக்கு போன் எடுத்தேன். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு அவர் ஒரே கேள்விதான் கேட்டார்.

"கறுப்பு மங்கியிருக்கா?"

"ஓம்."

"இப்பவே கொண்டுவாங்க. நான் ஆஸ்பத்திரிக்குச் சொல்றேன். வாறேன்."

இணைப்பாளரிடம் போய், பிள்ளையைக் கொண்டுபோக வேண்டும், த்ரீவீல் கூப்பிடுங்கள் என்றேன். மணி எட்டு ஐம்பது.

"மிஸ்," என்றார் அவர் மெதுவாக. "ஒம்பதரைக்கு வாறாங்க. பத்தரைக்குப் போயிருவாங்க. பத்து நாளா இரிக்கிற வருத்தம்தானே? அவங்க போன உடன நானே என்ட வான்ல கொண்டுபோறேன். அல்லாஹ் மேல ஆணை. இது போச்செண்டா மத்தக் கரைப் புள்ளைகள் எல்லாத்துக்கும் தூள் போச்சி, யோசிங்க."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வருகிறேன். நெருக்கடியில் உங்களைத் தடுக்கிற ஆள் கெட்டவராக இருக்க மாட்டார். பல பிள்ளைகளுக்காக ஒரு மணித்தியாலம் என்று கேட்பார். கணக்கும் சரியாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பல பிள்ளைகளும் நாளைக்கும் இருப்பார்கள். இந்தக் கண்ணுக்கு நாளை இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. அரை மணித்தியாலத்தை நான் ஏற்கெனவே தின்றுவிட்டேன் என்பது மட்டும் தெரிந்தது.

"வான இப்பவே எடுங்க," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். பதாகையைப் பார்த்தார். பிறகு பொக்கட்டிலிருந்து சாவியை எடுத்தார். அந்த மனுசனை நான் இன்றைக்கும் மதிக்கிறேன். வழி முழுதும், குழியில் விழுந்தால் பிள்ளைக்கு நோகும் என்று பார்த்துப் பார்த்து ஓட்டினார். வந்தவர்களை வாடிப் பெண்கள்தான் வரவேற்று, தேத்தண்ணி கொடுத்து, மிஸ் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டா என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் விற்றமின் ஏ குளிசையின் முனையை வெட்டி, உள்ளே இருந்த எண்ணெயைப் பிள்ளையின் வாயில் பிழிந்தார்கள். அடுத்த நாள் ஒன்று, இரண்டு கிழமையில் இன்னொன்று. கண்ணுக்குத் தனி மருந்து. டொக்டர் வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பரீதாவிடம் கேட்டார்:

"ஏன் அம்மா, நேரத்தோட கொண்டுவரல்ல?"

பரீதா டொக்டரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"மிஸ் மருந்தெண்டு தந்தா. அதத்தானே குடுத்தேன்."

குரலில் குற்றச்சாட்டு இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். டொக்டர் என் பக்கம் திரும்பவில்லை. பிள்ளையின் துடிப்பை இன்னொரு தடவை பார்த்தார். ஏற்கெனவே பார்த்ததைத்தான் பார்த்தார்.

பிறகு நடையில் வைத்து எனக்கு விளக்கினார். இலையிலிருக்கிற சத்தை உடம்பு எடுக்க எண்ணெய்ப்பசை வேண்டும். கஞ்சித் தண்ணீரில் அது இல்லை. வயிற்றோட்டத்தில் எடுத்த கொஞ்சமும் நிற்காது. "தூள் நல்லதுதான் மிஸ். ஆனா அது போற வழி நீளம். இந்தப் பிள்ளைக்கு அவ்வளவு நேரம் இருக்கல்ல." கொஞ்சம் பொறுத்து, "வகுப்புல மருந்தெண்டா சொன்னீங்க?" என்று கேட்டார்.

"ஓம்."

"ஏன்?"

"சாப்பாடெண்டு சொன்னா எடுக்கிறாங்களில்ல."

அவர் தலையை ஆட்டினார். திட்டியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

வலது கண் முழுதாகத் தெளிந்தது. இடது கண்ணில் உளுந்தளவு வெள்ளைத் தழும்பு நின்றுவிட்டது. பார்வை இருக்கிறது, குறைவு. அரை மணித்தியாலம் முந்திப் போயிருந்தால் அது நின்றிருக்காதா என்று பின்னாளில் ஒரு கண் வைத்தியரிடம் கேட்டேன். அரை மணித்தியாலத்தில் ஒன்றும் மாறியிருக்காது, இரண்டு கிழமை முந்தி வந்திருந்தால் மாறியிருக்கும் என்றார். அது எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னார். இரண்டு கிழமை முந்தி அவளை வரவிடாமல் வைத்தது எது என்று அவருக்குத் தெரியாது.

கரைக்குத் திரும்பிப் போனபோது கதை வேறு மாதிரிப் பரவியிருந்தது. தூள் தின்று பிள்ளையின் கண் போய்விட்டது என்றார்கள். பொதிகளை மணலில் கொட்டியிருந்தார்கள். ஒரு வாடியில் கோழித் தீனோடு கலந்திருந்தது. கோழியைப் பார்த்துக்கொண்டு நின்ற பெண், "இதுகளுக்கு ஒண்டும் ஆகல்ல, புள்ளைக்கு மட்டும் எப்பிடி?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டிருந்தாள். தூளால் நன்மை கண்ட பிள்ளைகளின் உம்மாமாரும் நிறுத்திவிட்டார்கள். கனமூலையில் மச்சியும் மற்றவர்களும் அடுத்த இலையை உருவி வைத்துவிட்டு எனக்குப் போன் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

மேலிடத்திலிருந்து விசாரணை வந்தது. முடியும் வரைக்கும் யாரும் ஊரில் எதுவும் பேசக் கூடாது என்று சொல்லப்பட்டது. டொக்டர் என்னைக் கூப்பிட்டார்.

"பேச வேண்டாம் எண்டு நான் உங்களுக்குச் சொல்லணும் மிஸ்," என்றார். "சொல்லிட்டேன்."

பிறகு மேசையில் இருந்த கோப்பைத் திறந்து வாசிக்கத் தொடங்கினார். நான் எழும்பி வந்தேன்.

இரண்டு நாள் யோசித்தேன். தூளில் குற்றமில்லை என்று சொல்ல ஒரு வழிதான் இருந்தது. குற்றம் எங்கே இருந்தது என்று சொல்வது. அதைச் சொல்லாமல் தூளை மட்டும் நல்லது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். நம்பவும் கூடாது.

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பாலர் பாடசாலையில் பெண்களைக் கூட்டினேன். தூளுக்காக வரவில்லை, என்ன சொல்லப் போகிறேன் என்று பார்க்கத்தான் வந்தார்கள். கட்டடம் நிறைந்து வாசலிலும் நின்றார்கள். வாசலில் நின்றவர்களில் பரீதாவும் இருந்தாள், இடுப்பில் ஸஹ்ரா.

நான் நீட்டிப் பேசவில்லை. "ஸஹ்ராட கண்ணுக்கு நடந்தது தூளால இல்ல. என்ட வாயால. நான் இத மருந்தெண்டு சொன்னேன். இது மருந்தில்ல, கீரை. நீங்க எடுக்கணும் எண்டதுக்காகப் பெரிய சொல்லாச் சொன்னேன். அத நம்பி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டிய புள்ளைய வீட்ல வெச்சிருந்தாங்க. புத்தகத்துல குடுக்காத மருந்தக் குடுத்ததா எழுதினதும் நான்தான்," என்றேன்.

ஆட்டுக்குக் கொடுக்கிறது என்று முதல் நாள் சொன்ன அதே பெண், "அப்ப இத்தன நாளும் எங்களுக்குப் பொய்யா சொன்னீங்க?" என்று கேட்டாள்.

"பாதி பொய்," என்றேன்.

சிலர் எழும்பிப் போனார்கள். நான் தடுக்கவில்லை. அந்தக் கரையில் பதினைந்து வருடம் வேலை செய்திருந்தேன். அங்கே வந்திருந்தவர்களில் பாதிப் பேருக்குப் பிள்ளை பிறந்தபோது பக்கத்தில் நின்றவள் நான். போகிறவர்களின் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் அன்று என் வேலையாக இருந்தது.

அப்போது பரீதா உள்ளே வந்தாள். எனக்கு முன்னால் இருந்த மேசையில் பொதிகள் கிடந்தன. ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இது என்ன செய்யும் எண்டு அண்டைக்குச் சொன்னீங்க மிஸ்," என்றாள். "என்ன செய்யாது எண்டத இண்டைக்குச் சொல்லுங்க."

எத்தனையோ பயிற்சிகளுக்குப் போயிருக்கிறேன். அந்தக் கேள்வியை எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை.

நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். கண் கெட்ட பிள்ளையைச் சுகப்படுத்தாது. வயிற்றோட்டம் இருக்கும்போது உதவாது. எண்ணெயோ தேங்காய்ப்பாலோ மீனோ சேராமல் கொடுத்தால் வேலை செய்யாது. இரண்டு கரண்டி, மூன்று கரண்டி என்று கூட்டினாலும் கூடுதல் பலன் தராது. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கொடுக்கிற விற்றமின் மருந்துக்கு ஈடாகாது. மஃரிபில் தடுமாறுகிற பிள்ளையை அடுத்த நாள் காலையில் கிளினிக்குக்குக் கொண்டுவர வேண்டியதை இது ஒரு நாளும் மாற்றாது.

"அப்ப என்னத்துக்கு இது?"

"மரக்கறி வான் வராத நாளைக்கு," என்றேன். "அவ்வளவுதான்."

அவள் யோசித்தாள். போனவர்களில் இரண்டு பேர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வழக்கம் போல இரண்டு பொதியை எடுத்து நீட்டினேன்.

"ஒண்டு போதும்," என்றாள் பரீதா. "இது முடிஞ்ச பொறகு நானே வாறேன். ஆளனுப்ப மாட்டேன். வாற நேரமெல்லாம் நீங்க புள்ளட கண்ணப் பாக்கணும். பாத்திட்டுத்தான் தரணும்."

விசாரணையின் முடிவில் எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பதவி உயர்வு இரண்டு வருடம் பிந்தியது. அது சரியான தீர்ப்புத்தான். கொழும்பு அமைப்பு உதவி தரவில்லை, வேறொன்று பிறகு தந்தது. இன்று இந்த மாவட்டத்துக் கரைகளில் தூள் கொடுக்கிற எல்லா இடத்திலும் ஒரு நடைமுறை இருப்பதை நீங்கள் பார்ப்பீர்கள்: பிள்ளையை நேரில் பார்க்காமல், பகல் வெளிச்சத்தில் இரண்டு கண்ணையும் பார்க்காமல் பொதி கொடுப்பதில்லை. சுற்றறிக்கையில் அதற்கு நீளமான பெயர் போட்டிருக்கிறார்கள். அதை ஆக்கியவள் யார் என்று சுற்றறிக்கையில் இல்லை. பரீதாதான் அதை ஆக்கினாள், அந்தப் பின்னேரம், அந்த மேசைக்கு முன்னால்.

நான் "சரி" என்றேன். அவள் பொதியை மேசையில் திரும்ப வைத்தாள். இடுப்பிலிருந்த பிள்ளையின் தாடையைப் பிடித்து, முகத்தை வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள்.

"இப்ப பாருங்க," என்றாள்.